ஒட்டுப்பால்

வெட்டுநாளில் போகக்கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.
வெட்டில்லாத நாளில் பஸ் ஏறினால்
எந்தச் சிரட்டையும் என்னைக் கேட்காது.
மூன்று நாள் மழை வந்து
கணக்கை மாற்றிப் போட்டது.

விடியக்காலம் மூன்று மணி.
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது
அப்பா விழித்துத்தான் கிடந்தார்.
வலப்பக்கம் செத்துப்போன உடம்பில்
கண் மட்டும் ஒருநாளும் லீவு எடுப்பதில்லை.
பட்டை, என்றார். பட்டை, ஆழம் வேண்டாம்.
வாதம் அவருக்கு விட்டுவைத்த சொற்கள்
பதினைந்தோ இருபதோ.
அதில் என் பெயர் இல்லை.
பட்டை இருக்கிறது.

என் பெயர் ஒரு கடிதத்தில் இருக்கிறது.
செல்வி ரா. ஜெபஷைலா,
வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு
கொச்சியில் எங்கள் லேபில் சேரவும்.
புகைக்கூட்டில் தொங்கும் ஷீட்டுகளுக்குப் பின்னால்
ஒன்பது நாள் ஒளிந்திருந்தது அது,
நாலு சுடிதாரோடும் சர்டிபிக்கேட்டுகளோடும்.
இப்போது எல்லாவற்றிலும் புகைவாடை.
கொச்சியில் கேட்பார்கள்,
வீடு தீப்பிடித்ததா என்று.

ஷிபு அண்ணன் மஸ்கட்டுக்குப் போனபோது
ஜெபக்கூட்டம் வைத்தோம்.
போதகருக்குக் கோழிக்குழம்பு,
முற்றத்தில் வாடகை நாற்காலி முப்பது.
அவன் போனான்.
நான் போனால் ஓடிப்போனேன்.
இதே ரோடு, இதே பஸ்.

நானூற்றுப் பத்து மரம் எங்களுக்கு.
முதல் மரத்தில் மட்டும்தான்
பால் சிரட்டையில் விழும் சத்தம் கேட்கும்.
பிறகு விளை முழுக்கச் சொட்டும்,
ஒன்றுமே கேட்காது.

பலாமூட்டு வரியின் கடைசி மரம்,
நூற்றுத் தொண்ணூறாவது,
அதில் கத்தி வைத்திருக்கையில்
பேச்சிப்பாறை பஸ் வளைவில் திரும்பியது.
பை வேலியோரம் இருந்தது.
சும்மா இடம் மாற்றி வைக்கிறேன் என்று
எனக்கே சொல்லித்தான் கொண்டு வைத்திருந்தேன்.
கை காட்டவில்லை. சத்தியமாகக் காட்டவில்லை.
நெற்றி லைட்டைப் பார்த்துவிட்டு
ஆள் நிற்கிறது என்று டிரைவர் நிறுத்திவிட்டார்.
ஏறுதியளா, இல்லியா?

மார்த்தாண்டம் ஒண்ணு, என்றேன்.
மார்த்தாண்டம் என்றால் ஓட்டமில்லை.
குடை ரிப்பேருக்குக்கூட அங்கே போகிறார்கள்.

திருவட்டாறு தாண்டும்போது
முதல் வரிச் சிரட்டைகள் பாதி நிறைந்திருக்கும்.
ஆற்றூரில் முக்கால்.
எட்டு மணிக்குள் எடுக்காவிட்டால்
இருந்த இடத்திலேயே உறையும்,
ஷீட்டுக்கு ஆகாது,
ஒட்டுப்பாலாகப் பாதி விலைக்குப் போகும்.
அப்பாவின் மாத்திரை முழு விலை.

மார்த்தாண்டம் வந்தது.
கால் எழும்பியது. உடம்பு எழும்பவில்லை.
களியக்காவிளை ஒண்ணு, என்றேன்.
கண்டக்டர் என் முகத்துக்கு மேலே
எதையோ பார்த்துவிட்டுச் சில்லறை தந்தார்.

குழித்துறைப் பாலத்தில் போன் அடித்தது.
அம்மா.
சொல்ல வைத்திருந்ததையெல்லாம்
தொண்டைக்குக் கொண்டுவந்தேன்.
எந்த வரி வரைக்கும் வெட்டுன மக்கா?
பலாமூட்டு வரி.
செரி.

வாளியின் கைப்பிடி விழும் சத்தம் கேட்டது.
தூரத்தில் அப்பா என்னவோ கேட்டார்,
பட்டை என்றுதான் இருக்கும்.
லைன் போய்விட்டது.

அம்மாவுக்கு முட்டில் நீர்.
அந்தச் சரிவில் அவள் இறங்கி
இரண்டு வருஷமாகிறது.
எப்போது எழுந்தாள்?
பை இருந்த இடத்தை எந்த நாளில் பார்த்தாள்?
செரி என்ற ஒரு சொல்லை
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.
எந்தப் பக்கமும் விலை எழுதவில்லை.

விரலிடுக்கில் காய்ந்திருந்த பாலை
உரித்து உருட்டிக்கொண்டே இருந்தேன்.
மிளகு அளவு வந்தது.
இடுப்பில் ஏதோ குத்தியது.
வெட்டுக்கத்தி. அதையும் கொண்டுவந்திருக்கிறேன்.
மீதி இருநூற்று இருபது மரத்தை
அவள் எதைக்கொண்டு வெட்டுவாள்?

களியக்காவிளை.
பாதிப் போர்டு மலையாளம்.
எதிர்ப்பக்கம் குலசேகரம் பஸ் ஒன்று
காலியாக உறுமிக்கொண்டு நிற்கிறது.
கண்டக்டர் மூன்றாவது முறையாக வந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.
விடிஞ்சி எவ்வளவு நேரமாச்சு பிள்ளே,
லைட்ட அணைச்சிட்டுச் சொல்லு,
இனி எங்க?